மாதாவுக்கு நேர்ந்த பிளேன்

தூத்துக்குடிக் கடற்கரையில் தோணிக்குப் பேர் எழுதுகிறவர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். ஆனால் எழுத்து என்றால் அது கயத்தான் மச்சாது எழுத்துதான். "நான் பேர் எழுதின தோணி கொழும்புக்குப் போச்சுன்னா, கப்பல் மேல்தட்டுல நிக்கவன் கண்ணாடி போடாமலே வாசிப்பான்" என்று அவரே சொல்லுவார். அது பொய் என்று சொல்ல ஆள் கிடையாது. மாசத்துக்கு ஒருதரம் கொழும்புக்குத் தோணி கொண்டுபோய் வருகிற தண்டல்மார்கள்கூட மறுத்துச் சொன்னதில்லை.

அவர் படித்தது இரண்டாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் வாத்தியாருக்கு வெற்றிலை வாங்கிக் கொடுத்ததிலேயே கழிந்தது. சைக்கிள் கடையில் பெடல் துடைத்தார். பிறகு அதே கடையில் புது சைக்கிளுக்கு டிரான்ஸ்பர் படம் ஒட்டினார். அங்கிருந்து பெயிண்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்கு வந்தவர்தான், திரும்பிப் பார்க்கவில்லை. இங்கிலீஷ் எழுத்துகளை அவர் படித்தவர் இல்லை, பார்த்து வரைந்தவர். ‘ஏ’ என்றால் விரித்து நிறுத்திய ஏணி. ‘பி’ என்றால் இரண்டு தொந்தி உள்ள ஆள். ‘எம்’ என்றால் ஒட்டி நிற்கிற இரண்டு தோணிப் பாய். இந்தக் கணக்கை வைத்துக்கொண்டே கரையில் நின்ற தோணிகளில் பாதிக்குப் பேர் எழுதி, ஓட்டு வீடும் கட்டி, பக்கத்திலேயே பெயிண்ட் கடையும் வைத்துவிட்டார்.

"எவன்கிட்டயும் கேட்டுப் படிச்சதில்ல. பாத்துப் படிச்சேன்" என்பது அவர் வாயில் எப்போதும் நிற்கிற பேச்சு. பெயிண்ட் வாங்க வந்தவன், வழி கேட்க வந்தவன், கடன் கேட்க வந்தவன், எல்லோரும் அதைக் கேட்டுவிட்டுத்தான் போகவேண்டும். அந்தப் பேச்சுதான் எழுபத்திரண்டாம் வருஷம் அவரை மூச்சுமுட்ட வைத்தது.

அவருக்கு ஒரே மகன் பாஸ்கல். ஏர்போர்ஸில் சேர்ந்து, பிளேன் எஞ்சின் பார்க்கிற வேலையில் வடக்கே இருந்தான். முந்தின டிசம்பரில் சண்டை மூண்டபோது, ரேடியோப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்த அவன் அம்மா பிளாரன்ஸ் எழுந்திருக்கவே இல்லை. சோறு பொங்கி அடுப்பு அணைந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை. அன்று சாயங்காலம் முக்காட்டைப் போட்டுக்கொண்டு தெருமுனையில் இருக்கிற பரலோக மாதா குருசடிக்குப் போனாள்.

குருசடி என்றால் பெரிய கோயில் இல்லை. தெருக்காரர்கள் கட்டிய சின்னக் கோயில். மாதா சுரூபத்துக்குப் பக்கத்துச் சுவரில் நீளமாக ஒரு பலகை அடித்திருக்கும். புயலில் மாட்டிய தோணி கரை திரும்பினால், அதே மாதிரி ஒரு சின்னத் தோணி செய்து அந்தப் பலகையில் கொண்டுபோய் வைப்பது அந்தத் தெரு வழக்கம். தப்பி வந்தவன் முதலில் குருசடிக்குத்தான் வரவேண்டும். பலகையில் தன் தோணியைப் பார்த்து, முழங்காலிட்டு எழுந்த பிறகுதான் வீட்டு வாசலை மிதிக்கலாம். நேர்ச்சைப் பொருள் பலகைக்கு வருமுன் ஆள் வீட்டுக்கு வந்துவிட்டால் அது ஆகாது என்பார்கள். அடுத்த பயணத்தில் கடல் கணக்குத் தீர்த்துக்கொள்ளும் என்று பயம். பலகையில் இருந்த தோணிகளில் முக்கால்வாசிக்குப் பேர் எழுதியது கயத்தான்தான். அதையும் அவர் சொல்லாமல் விட்டதில்லை.

பிளாரன்ஸ் மாதா முன்னால் கையை விரித்து நேர்ந்துகொண்டாள். "எம்பிள்ளைய முழுசாக் கொண்டாந்து சேத்துரு தாயே. தோணிக்காரங்க தோணி வைக்காங்க. நான் பிளேன் வைக்கேன். அத வைக்கவரைக்கும் எங்க வீட்டு அடுப்புல மீன் ஏறாது."

வீட்டுக்கு வந்து சொன்னபோது, கயத்தானுக்கு பிளேனைவிட மீன்தான் காதில் விழுந்தது.

"நீ திங்காட்டா திங்காத. வீட்டு அடுப்புன்னு எதுக்கு நேந்த? நான் என்ன பாவம் செஞ்சேன்?"

"பிள்ள உங்களுக்கும் பிள்ளதான."

சண்டை சீக்கிரமே ஓய்ந்தது. பாஸ்கலுக்கு ஒரு கீறல்கூட இல்லை என்று கடுதாசி வந்தது. மாதா கேட்டதைச் செய்துவிட்டாள். இனிச் செய்யவேண்டியது கயத்தான் வீட்டார்தான். ஆனால் பிளேனுக்கு எங்கே போவது? தச்சன் ஒருவன் மரத்தில் செதுக்கிக் கொண்டுவந்தான். சிறகு முளைத்த வள்ளம் மாதிரி இருந்தது. பிளாரன்ஸ் வேண்டாம் என்றுவிட்டாள். கடைசியில் அவள் தம்பி மரியானுக்குச் சொல்லிவிட்டார்கள். அவன் வெளிநாட்டுக் கப்பலில் சமையல்காரன். அவன் கப்பல் சுற்றி வருகிற வரைக்கும் கயத்தான் பருப்பும் கத்தரிக்காயும் தின்றார். மத்தியானம் பக்கத்து வீட்டிலிருந்து சீலா மீன் குழம்பு மணக்கும்போது தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டுச் சாப்பிட உட்காருவார்.

ஆனி மாதத்தில் மரியான் சிங்கப்பூரிலிருந்து ஒரு அட்டைப்பெட்டி கொண்டுவந்தான். உள்ளே பிளாஸ்டிக்கில் துண்டு துண்டாக ஒரு சண்டை பிளேன். அதை ஒட்ட ஒரு குழாய்ப் பசை. அச்சடித்த விவரத்தாள் ஒன்று. கடைசியாக, உள்ளங்கை அகலத்தில் நீலம் பாய்ந்த தாள் ஒன்று. அந்தத் தாளில் இரண்டு நாட்டு அடையாளங்கள் பளபளவென்று அச்சாகி இருந்தன. ஒரு பாதியில் வெள்ளைக்காரன் வட்டம், சிவப்பும் நீலமும். மறுபாதியில் நம்முடைய வட்டம், வெளியே காவி, நடுவில் வெள்ளை, உள்ளே பச்சை. கூடவே கறுப்பில் நம்பர்கள்.

பிளேனை ஒட்டிச் சேர்ப்பதில் கயத்தானுக்கு ஒரு சிரமமும் இல்லை. வர்ணம் அடிப்பதில் கேட்கவே வேண்டாம். வெள்ளிப் பூச்சு கண்ணாடி மாதிரி விழுந்தது. விவரத்தாளை முதல்நாளே பிரஷ் துடைத்து எறிந்துவிட்டார். நீலத் தாளைக் கையில் எடுத்தபோதுதான் மரியான் வாயைத் திறந்தான்.

"அத்தான், இந்தப் படத்த எப்படி ஒட்டணும்னு கடைக்காரன் செஞ்சே காட்டுனான். சொல்லட்டா?"

"ஏலே, நீ கப்பல்ல வெங்காயம் உரிக்கவன். டிரான்ஸ்பர் ஒட்டுததப் பத்தி எனக்குச் சொல்லித்தாரியா? நீ மூக்க ஒழுக்கிட்டுத் திரிஞ்ச காலத்துல, ஊர்ல ஓடின சைக்கிள்ல எல்லாம் எங்கைதான் பட்டுருக்கு."

"இது சைக்கிள் இல்லையே அத்தான்."

"சைக்கிளுக்கு ரெண்டு சக்கரம். இதுக்கு மூணு சக்கரம். அம்புட்டுதான் வித்தியாசம்."

"அதுசரி. அப்ப நான் வெங்காயமே உரிக்கேன்" என்று மரியான் எழுந்து போய்விட்டான்.

அந்த வாரமே பாஸ்கலிடமிருந்து தகவல் வந்தது. லீவு கிடைத்துவிட்டது, ஆகஸ்டு பதினைந்து, மாதா திருநாள் அன்று காலை ரயிலில் வந்து இறங்குகிறான். பிளாரன்சுக்குச் சந்தோஷத்தில் பாதி, பயத்தில் பாதி. "ஏங்க, பிளேன் குருசடிக்குப் போகாம பிள்ள வீட்டு நடைய மிதிச்சுறக் கூடாது. மிதிச்சா, அடுத்த சண்டையில அவன யாரு காப்பா?" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"கயத்தான் கைவச்ச வேலை நின்னுருக்கா? பேசாம போ."

தோணிக்கு வர்ணம் அடிக்கிறவன் எப்போதும் அடியிலிருந்துதான் தொடங்குவான். அடி முடிந்து, பக்கம் முடிந்து, கடைசியில்தான் மேலே வருவான். கயத்தானும் அப்படியே பிளேனைத் துண்டின்மேல் மல்லாத்திப் போட்டார். இடது இறக்கைக்கு அடியில் ஒரு வட்டம், பக்கத்தில் நம்பர். சைக்கிள் கடையில் கற்ற கை மறக்குமா? படத்தின்மேல் வார்னிஷ் தடவினார். வார்னிஷ் விரலில் ஒட்டும் பதம் வந்ததும், படத்தைக் குப்புறக் கவிழ்த்து இறக்கையில் அழுத்தினார். காய்ந்த பிறகு ஈரத்துணியால் தாளை நனைத்து உரித்தார். சைக்கிளுக்கு அப்படித்தான். தாள் வந்துவிடும், படம் நிமிர்ந்து நிற்கும்.

தாள் வந்தது. படமும் நின்றது. ஆனால் வட்டம் இருக்கவேண்டிய இடத்தில் சோற்றுக் கஞ்சி சொட்டின மாதிரி ஒரு வெள்ளைத் திட்டு. காவியும் பச்சையும் அதற்கு அடியில் போய் ஒளிந்துகொண்டிருந்தன. பக்கத்தில் நம்பர், கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடவலம் மாறி நின்றது. போதாததற்கு, சுற்றிலும் வார்னிஷ் பழுப்பாகக் குளம் கட்டியிருந்தது. சைக்கிள் டிரான்ஸ்பரை அச்சடிக்கிறவன் படத்தை இடவலம் மாற்றி அச்சடிக்கிறான்; குப்புற ஒட்டினால் நேராகிவிடும். இந்தத் தாளில் அடியில் வெள்ளைப் பூச்சும் அதன்மேல் படமும் முதலிலேயே நேராக இருக்கின்றன என்பதைப் பார்த்துப் படித்த அந்தக் கண் பார்க்கவில்லை.

பிளாரன்ஸ் தோளுக்குப் பின்னால் வந்து எட்டிப் பார்த்தாள். "ஏங்க, நம்பரு திரும்பி நிக்கே."

"தெரியுது."

"வட்டம் வெள்ளையாட்டுல்லா இருக்கு."

"ஏளா, எனக்கும் கண்ணு இருக்கு. கடைக்காரன் கள்ளச் சரக்க உன் தம்பி தலையில கட்டிவிட்டுருக்கான். நீ குசினியில அடுப்பப் பாரு."

சுரண்டப் பார்த்தார். வார்னிஷோடு வெள்ளிப் பூச்சும் வந்து, அதற்குக் கீழே பிளாஸ்டிக்கும் கீறியது. விட்டுவிட்டார்.

மறுநாள் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். குப்புற ஒட்டினால் மாறிப் போகிறது. அப்படியானால் நேராக ஒட்ட வேண்டும். வார்னிஷ் ஆகாது. அப்படியானால் தண்ணீர். இவ்வளவு தூரம் தானாகவே கண்டுபிடித்துவிட்டோமே என்று மீசையைத் தடவிக்கொண்டார். புறவாசல் கிணற்றில் ஒரு வாளி இறைத்து, முகம் கழுவுகிற பேசினில் ஊற்றி, வலது இறக்கைக்கு அடியில் ஒட்டவேண்டிய வட்டத்தை வெட்டி அதில் போட்டார். அந்தக் கிணற்றுத் தண்ணீரைத் துணி துவைக்கத்தான் வைத்துக்கொள்வார்கள். வாயில் வைத்தால் கடல் தண்ணீருக்குத் தங்கச்சி. "எந்த வர்ணத்தையும் உப்புத் தண்ணியில போட்டுப் பாக்கணும். அதுல நின்னாத்தான் வர்ணம்" என்பது அவர் தொழில் கொள்கை.

அந்த நேரம் பார்த்துக் கடைக்கு ஒரு தோணிக்காரர் வந்தார். அவரிடம் பச்சை பெயிண்டைப் பற்றியும் தன்னைப் பற்றியும் பேசிவிட்டு வந்து பார்த்தால், வட்டம் தாளை விட்டுக் கழன்று ஜெல்லி மீன் குஞ்சு மாதிரி மிதந்துகொண்டிருந்தது. அடியில் இருந்த பசையெல்லாம் கரைந்து போய்விட்டது. விரலால் தூக்கினார். வெற்றிலைச் சுருளாகச் சுருண்டது. பிரித்தார். நாற்பது வருஷம் பெரிய பிரஷ் பிடித்துத் தடித்த விரல்கள். பிரிக்கப் பிரிக்க வேறொரு பக்கம் மடிந்தது. கெட்ட வார்த்தை ஒன்று வாய்வரை வந்தது. மாதா காரியம் என்பதால் விழுங்கிவிட்டு, ஒருவழியாக அதை இறக்கையில் படுக்க வைத்தார். வட்டம் வட்டமாக இல்லை. யாரோ மிதித்த நாவல்பழம் மாதிரி ஒரு பக்கம் பிதுங்கி இருந்தது. காய்ந்த பிறகு அதன்மேல் உப்பு வெள்ளை வெள்ளையாகப் பூத்தது. ஓரங்கள் காய்ந்த கருவாட்டுச் செதில் மாதிரி மேலே எழும்பின.

அன்றைக்கே அவர் எழுந்து போயிருக்கலாம். கை விடவில்லை. "மூணாவது தப்பாது" என்று சொல்லிக்கொண்டு, பிளேன் விலாவில் ஒட்ட வேண்டிய வட்டத்தை எடுத்துத் தண்ணீரில் முக்கினார். இந்தத் தடவை சீக்கிரமே எடுத்துவிட்டார். ஆனால் அது பிளேனுக்குப் போகமாட்டேன் என்று அவர் கட்டைவிரல் நகத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. தள்ளினார், நகரவில்லை. ஊதினார், நகரவில்லை. அங்கேயே காய்ந்துவிட்டது. பேசினை அப்படியே தூக்கிப் புறவாசலில் கவிழ்த்தார். பிளேனையும் நீலத் தாளையும் அலமாரியில் வைத்துச் சாவியை மடியில் செருகிக்கொண்டு கடைக்குப் போய் உட்கார்ந்தார்.

மரியான் சுருட்டு வாங்கப் போகிற வழியில் கடையில் நின்றான். அவன் கண் நேரே கட்டைவிரலுக்குப் போனது. காவி, வெள்ளை, பச்சை, அப்படியே அச்சுப் பிசகாமல், நகத்தின்மேல்.

"என்ன அத்தான், ஏர்போர்ஸ்ல உங்களையும் எடுத்துட்டாங்க போல."

"போலே அங்கன."

"இல்ல, நல்லாத்தான் ஒட்டியிருக்கிய. பிளேன்லயும் இதே மாதிரி ஒட்டியிருந்தா முடிஞ்சிருக்கும்."

கயத்தான் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் அது இரண்டு மூன்று நாள் போகவில்லை. அந்த நாள்களில் கடைக்கு வந்தவர்களெல்லாம் அவர் ஏன் முஷ்டியை மடக்கிக்கொண்டே பேசுகிறார் என்று யோசித்திருப்பார்கள். தெருவில் போகிறவன் வருகிறவன் எல்லாம், "பிளேன் எப்ப அண்ணாச்சி பறக்கு?" என்று கேட்டான். வீட்டுக்கு வந்தால் பருப்பு. பருப்பைப் பார்த்தாலே அவருக்கு அந்த வெள்ளைத் திட்டு ஞாபகம் வந்தது. மாதா திருநாளுக்குக் குருசடியில் கொடியும் ஏறிவிட்டது.

"ஏங்க, அலமாரிச் சாவியத் தாங்க. நான் ஒண்ணு ஒட்டிப் பாக்கேன்" என்றாள் பிளாரன்ஸ்.

"நீயா? பிரஷ் பிடிச்சுப் பழகின எங்கைக்கே அது நிக்கமாட்டங்கு. உலக்க பிடிச்ச கைக்கு நிக்குமாக்கும்?"

"உங்க கைக்கு நிக்கலைன்னுதான கேக்கேன்."

கயத்தான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கடற்கரைக்குப் போய்விட்டார். அன்று ஒரு புதுத் தோணிக்குப் பேர் எழுதுகிற வேலை. அங்கே கை கொஞ்சமும் பிசகவில்லை. ஒவ்வொரு எழுத்தும் ஆள் உயரத்துக்கு நிமிர்ந்து நின்றது. இவ்வளவு பெரிய எழுத்தை எழுதுகிறவனுக்கு ஒரு ஓட்டைக்காசு அகல வட்டம் அடங்கவில்லையே என்று நினைக்க நினைக்க, வெயிலைவிட அதுதான் தலையில் ஏறியது.

காலையில் வேட்டி மாற்றும்போதே சாவி கட்டிலில் விழுந்துவிட்டது அவருக்குத் தெரியாது. பொழுது சாயும் முன்னே வீடு திரும்பியவர் குசினி வாசலில் அப்படியே நின்றுவிட்டார். பீங்கான் தட்டு ஒன்றில் வெள்ளைக்காரன் வட்டம். காப்பிக் கோப்பையில் ஒன்று. மண்ணெண்ணெய் விளக்குச் சிமினியில் ஒன்று. எல்லாம் நேர்ப்பக்கமாகவே ஒட்டியிருந்தன. நமக்கு வேண்டாத நாட்டு அடையாளம்தானே என்று பிளாரன்ஸ் தாளின் அந்தப் பாதியை வெட்டி எடுத்து ஒவ்வொன்றாக ஒட்டிப் பழகியிருக்கிறாள். தட்டில் ஒட்டியது கோணல். கோப்பையில் ஒட்டியதில் ஒரு குமிழ். சிமினியில் ஒட்டியதில் ஒரு குறையும் இல்லை.

"சாவிய எடுத்தியா?"

"கட்டில்ல கிடந்திச்சு. பிளேனத் தொடல. இந்தத் தாளத்தான் தொட்டேன்." அவள் ஒரு டம்ளரைக் காட்டினாள். "கிணத்துத் தண்ணி இல்ல, குடிக்கக் குழாய்த் தண்ணி. முக்கி உடனே வெளிய எடுத்துறணும். தட்டுல வச்சிட்டு ஒரு அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லணும். சொல்லி முடிக்கவும் அதுவே தாள்ல வழுக்கும். தாளோட கொண்டுபோயி வச்சு, கொண்டை ஊசியால படத்தத் தள்ளி, தாள உருவிக்கிடணும். பிறகு லேஞ்சித் துணிய வச்சு ஒத்தி எடுத்தாப் போதும். விரலு படவே கூடாது."

கயத்தான் சிமினியைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குறை கண்டுபிடிக்கத்தான் பார்த்தார். கிடைக்கவில்லை.

"இப்படித்தான் செய்யணும்னு நானும் நெனச்சேன்" என்றார்.

"நெனச்சிய. ஒட்டலையே."

பாஸ்கல் வருவதற்கு இன்னும் நாள் அதிகம் இல்லை. நம்முடைய வட்டங்களில் இறக்கைகளின் மேல்பக்கத்துக்கு உரிய இரண்டும், ஒரு விலாவுக்கு உரியதும், வாலுக்கு உரிய பட்டைகளும்தான் மிச்சம் இருந்தன. ஒன்று கெட்டாலும் மாற்று இல்லை. கயத்தான் அலமாரியிலிருந்து பிளேனை எடுத்துக்கொண்டு வந்து மேசைமேல் வைத்தார். "நான் ஆடாமப் பிடிச்சுக்கிடுதேன். நீ ஒட்டு" என்றார். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

பிளாரன்ஸ் உதட்டுக்குள் அந்த ஜெபத்தைச் சொல்லிக்கொண்டே ஒட்டினாள். கயத்தானுக்குச் சும்மா இருக்க முடியவில்லை. "இந்தப் பக்கம். கொஞ்சம் மேல. இல்ல, கீழ" என்றார்.

"மூச்ச இங்கன விடாதிய. படம் பறக்கு."

"மூச்சுகூட விடக்கூடாதா என் வீட்டுல?"

"அருள் நிறைந்த மரியே பாதியில நிக்குது, பேசாதிய."

மேல்பக்கம் முடிந்தபோது, கடையில் வாங்கி வந்த சாமான் மாதிரி இருந்தது. இறக்கையில் வட்டங்கள் கண் மாதிரி திறந்து நின்றன. நகத்தில் போன வட்டத்துக்குப் பதிலாக, அந்த விலாவில் மட்டும் கயத்தான் மூன்று மயிர் பிரஷால் வரைந்தார். முழு நாளும் அதற்கே போனது. ஆனால் வரைந்து முடித்ததும், எது அச்சு எது கை என்று பிளாரன்சே திருப்பிப் பார்த்துத்தான் சொன்னாள். கயத்தானுக்குப் பாதி உயிர் திரும்பியது.

"அடியில கிடக்கத என்ன செய்ய?" என்று கேட்டாள் அவள்.

"சுரண்டினா இன்னும் கீறும். கிடக்கட்டும். அடிய எவன் பாக்கப்போறான்? தோணிக்கு அடியில பாசியும் சிப்பியும் அப்பிக்கிடக்கு. எவனாச்சும் முங்கிப் பாத்துட்டு வந்து குறை சொல்லியிருக்கானா? தண்ணிக்குக் கீழ இருக்கது கணக்குல வராது."

பிளாரன்சும் தோணிக்காரர் மகள்தான். சரிதானே என்று தலையாட்டினாள்.

திருநாள் காலையில் வெள்ளைத் துணி விரித்த தாம்பாளத்தில் பிளேனை வைத்து, அதைக் கயத்தானே சுமந்துகொண்டு தெருவில் நடந்தார். பட்டு வேட்டி, சலவைச் சட்டை. வாசலுக்கு வாசல் நிறுத்திக் காட்டினார். எல்லோரும் குனிந்து மேல்பக்கத்தைப் பார்த்து வாய் பிளந்தார்கள். "இது அச்சா அண்ணாச்சி, கையா?" என்று கேட்டவர்களுக்கு, "கயத்தான் வீட்டுல செஞ்சது, பிறகென்ன?" என்றார். பின்னால் வந்த பிளாரன்ஸ் மெழுகுவர்த்தி அணையாமல் கையை மறைவாகப் பிடித்துக்கொண்டாள்.

குருசடியைப் பார்த்துக்கொள்ளுகிற உபதேசியார் மிக்கேல் தாம்பாளத்தை வாங்கி மாதா காலடியில் வைத்து ஜெபம் சொன்னார். பிறகு பலகையைப் பார்த்தார். அங்கே தோணிகள் மூக்கோடு மூக்கு இடித்துக்கொண்டு நின்றன.

"இதுல இடம் எங்க இருக்கு? தவிர, பறக்கதக் கொண்டுபோயி பலகையில வச்சா நல்லாவா இருக்கும்? மேல தொங்கவிடுவோம்" என்றார்.

கயத்தான் ஒரு எட்டு முன்னால் வந்தார். "வேண்டாம் உபதேசியாரே. பலகையில ஓரமா ஒதுக்கி வையுங்க. ஒரு தோணிய நகட்டினாப் போதும்."

"எந்தத் தோணிய நகட்ட? ஒவ்வொண்ணுக்கும் ஒரு குடும்பம் இருக்கே. ஏன், உன் பிளேனு பறக்கக் கூடாதா?"

கூட்டம் சிரித்தது. "தொங்கவிடுங்க உபதேசியாரே, பாப்போம்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. மரியான் குரல்தான். ஏன் வேண்டாம் என்று காரணம் சொல்ல வேண்டுமானால் கயத்தான் அடிப்பக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏணி வந்தது. உத்தரத்தில் கம்பி கட்டினார்கள். பிளேன் மேலே போனது. போகிற போக்கில் ஒரு சுற்றுச் சுற்றி, கயத்தான் மூன்று மயிர் பிரஷால் வரைந்த விலா சுவர்ப்பக்கமாகத் திரும்பி அப்படியே நின்றுவிட்டது.

சரியாக அப்போதுதான் பாஸ்கல் ரயிலடியிலிருந்து நேரே, தகரப்பெட்டியோடு குருசடிக்குள் நுழைந்தான். வீட்டு வாசலை மிதிக்கவில்லை. பெட்டியை வைத்துவிட்டு மாதாவுக்கு முன்னால் முழங்காலிட்டான். பிளாரன்சுக்குக் கண் நிறைந்துவிட்டது. "எய்யா, உனக்கு நேந்தது மேல இருக்கு, பாரு" என்றாள். பாஸ்கல் அண்ணாந்து பார்த்தான். அவனோடு சேர்ந்து தெருவே அண்ணாந்து பார்த்தது.

ஒரு இறக்கையில் கஞ்சித் திட்டும், பழுப்புக் குளமும், இடவலம் மாறிய நம்பரும். மறு இறக்கையில் மிதிபட்ட நாவல்பழம், உப்புப் பூத்து.

"அப்பா, இத யாரு ஒட்டுனா?" என்று கேட்டான் பாஸ்கல்.

"மேப்பக்கம் பாக்கணும்லே. மேப்பக்கம் நல்லாருக்கு" என்றார் கயத்தான்.

"மேப்பக்கத்த எப்படிப்பா பாக்க? ஏணி போட்டா?"

"தோணிக்கு அடிய எவன் பாக்கான்னு உங்கப்பா விட்டுட்டாரு" என்றாள் பிளாரன்ஸ் மெதுவாக.

பாஸ்கல் சிரிப்பை அடக்கிக்கொண்டான். "எங்க பிளேன்ல அடியில போடுத வட்டம்தாம்ப்பா முக்கியம். பறக்கயில கீழ நிக்கவனுக்கு அதுதான தெரியும். நம்ம பிளேன்னு தெரியலைன்னா நம்ம ஆளே சுட்டுருவான்."

"இதச் சுட்டா தப்பில்ல" என்றான் மரியான்.

கயத்தான் ஏணியைப் பிடித்தார். "எறக்குங்க உபதேசியாரே. ஒரு வாரத்துல அடியையும் சரி பண்ணிக் கொண்டாந்துருதேன்."

உபதேசியார் ஏணியின் மறுகாலைப் பிடித்துக்கொண்டார். "மாதாவுக்குக் கொடுத்தது கொடுத்ததுதான். நேர்ச்சையத் திரும்ப எடுக்க வழக்கம் இல்ல. உனக்குத் தெரியாததா கயத்தான்? இந்தப் பலகையில எத்தனைக்குப் பேரு எழுதியிருக்க." அதைச் சொல்லிவிட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

மத்தியானம் கயத்தான் வீட்டு அடுப்பில் டிசம்பருக்குப் பிறகு முதன்முதலாக மீன் ஏறியது. சீலா மீன் குழம்பு, பொரித்த துண்டு வேறு. பாஸ்கல் இரண்டு தரம் சோறு வாங்கினான். கயத்தான் முன்னால் தட்டு அப்படியே இருந்தது. இனி ஞாயிற்றுக்கிழமைதோறும் ஜெபம் சொல்லப் போனால் அந்தப் பிளேன் அடிவயிற்றுக்குக் கீழேதான் நிற்க வேண்டும். தெருவில் ஒவ்வொருத்தனும் ஜெபத்தை விட்டுவிட்டு அண்ணாந்து பார்ப்பான்.

"எதுக்கு இப்படி மூஞ்சிய வச்சுக்கிட்டு இருக்கிய?" என்றாள் பிளாரன்ஸ், இன்னொரு துண்டை அவர் தட்டில் வைத்துக்கொண்டே. "நேந்தது மாதாவுக்கு. தெருவுக்கு இல்ல. அவ மேல பரலோகத்துல இருந்துல்லா பாக்கா. அவளுக்கு மேப்பக்கம்தான் தெரியும். சாப்பிடுங்க."

கயத்தான் வாய்வரை கொண்டுபோன மீனைத் திரும்பத் தட்டில் வைத்தார். மேல்பக்கம் ஒட்டியது யார் என்று அவருக்குத் தெரியும்.